வேற்றுமை பாராட்டாமையும் மேன்மை கூறலும்: இறைத்தூதர் வரிசை குறித்த இஸ்லாமிய நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இறைத்தூதர் அனைவரையும் வேறுபாடின்றி ஏற்க வேண்டும் என்பதும், அவருள் சிலர் சிலரினும் மேன்மை பெற்றவர் என்பதும் திருக்குர்ஆன் ஒருங்கே கூறும் கருத்துகளாகும். நபிமொழிகளிலும் இவ்விரு நிலைகளும் காணப்படுகின்றன. இவை தம்முள் முரண்படுவனவா என்னும் வினாவிற்குப் பழைய உரையாசிரியர்கள் தந்த விடைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. மேன்மை உண்டென ஏற்பதும், அதனை மனிதர் பூசற்பொருளாக்குவதும் வெவ்வேறானவை என்பதே இவ்விடைகளின் பொதுக்களம் என நிறுவி, அந்நோக்குத் தமிழ் இஸ்லாமியக் காப்பியங்களில் பெறும் இடத்தையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: இறைத்தூதர், தஃப்ரீக், தஃப்ளீல், யூனுஸ் நபி, தனிச்சிறப்பு, ஸலவாத், சீறாப்புராணம், இராசநாயகம்.

முன்னுரை

தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பறைகளில் மாணவர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நபிமார்க்கெல்லாம் தலைவராகப் புலவர்கள் பாடுகின்றனர். நபிமாரிடையே வேற்றுமை பாராட்டுதல் கூடாது என்றும் இஸ்லாம் கூறுகிறது. இவற்றுள் எது சமயக் கொள்கை, எது புலவர் புனைவு? இரண்டும் சமயக் கொள்கையே என்று விடையிறுத்தல் எளிது. அவை எவ்வாறு ஒரே கொள்கையின் இரு கூறுகளாக நிற்கின்றன என்பதை விளக்குதல் அத்துணை எளிதன்று. சமயங்களிடையே யார் தலைவர் பெரியவர் என்னும் வழக்கு எங்கும் எக்காலத்தும் எழக்கூடியதாதலின், இவ்வினா வெறும் உரைநூற் சிக்கலாக நின்றுவிடுவதும் இல்லை.

இரு வினைகள், இரு பொருள்கள்

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமாகிய அல்பகராவிலேயே இரு கருத்துகளும் அமைந்துள்ளன. இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஅகூப், மூஸா, ஈஸா ஆகியோர்க்கு அருளப்பெற்றவற்றை நம்புவதாகவும், அவருள் எவரையும் வேறு பிரிப்பதில்லை எனவும் கூறுமாறு நம்பிக்கையாளர் பணிக்கப்பெறுகின்றனர் (2:136). அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் இதே கருத்து மீண்டும் வருகிறது (2:285). இவற்றுக்கு இடையே, அத்தூதருள் சிலரைச் சிலரினும் மேன்மைப்படுத்தினோம் என்னும் கூற்று இடம்பெறுகிறது (2:253). ஒரே அத்தியாயத்தில் இவை அமைந்திருத்தலால், ஒன்று மற்றொன்றை நீக்கிற்று எனக் கொள்ளுதற்கு இடமில்லை.

மூலமொழியை நோக்கின் சிக்கலின் முதல் முடிச்சு அவிழும். விலக்கப்பெற்ற செயலைக் குறிக்கும் சொல் ‘தஃப்ரீக்’ என்பதன் அடியாகப் பிறந்தது. பிரித்தல், பகுத்தல் என்பது அதன் பொருள். இறைவன் தன் செயலாகக் கூறுவது ‘தஃப்ளீல்’. ஒருவர்க்கு ஒன்றை மிகுதியாக அருளுதல், மேன்மைப்படுத்துதல் என்பது அதன் பொருள். தஃப்ரீக் என்பது யாது என்பதைத் திருக்குர்ஆனே மற்றோரிடத்தில் விளக்குகிறது. தூதருள் சிலரை நம்புவோம், சிலரை மறுப்போம் என்று இடைவழி ஒன்றைத் தேடுவோரை அது கண்டிக்கிறது (4:150-152). ஆகவே விலக்கப்பெற்ற வேறுபாடு, ஏற்றலுக்கும் மறுத்தலுக்கும் இடைப்பட்ட வேறுபாடாகும். மூஸாவை மறுத்த ஒருவர் முகம்மது நபியை மட்டும் ஏற்பதாகக் கூறினும் அவருடைய நம்பிக்கை செல்லாது. இந்நிலையில் அனைவரும் ஒப்பர்; இங்கு வரிசைக்கு இடமே இல்லை.

மேன்மை கூறும் வசனத்தின் நடையும் கருதத்தக்கது. சிலரைச் சிலரினும் எனப் பொதுவாகவே அது பேசுகிறது. இறைவன் உரையாடியவர் ஒருவர். படிநிலைகளில் உயர்த்தப்பெற்றவர் ஒருவர். மர்யமின் மகன் ஈஸாவுக்குத் தெளிந்த சான்றுகள் அளிக்கப்பெற்றன, தூய ஆவியால் வலுவூட்டப்பெற்றார் என அடுத்தடுத்துக் கூறுகிறது. பெயர் சுட்டப்பெற்றவர் ஈஸா நபி ஒருவரே. உரையாடப்பெற்றவர் மூஸா நபி என்பதிலும், உயர்த்தப்பெற்றவர் நபிகள் நாயகம் என்பதிலும் உரையாசிரியர் பெரும்பாலர் உடன்படுகின்றனர். பெயர் சுட்டாது விட்டதே பெருமையை மிகுவிக்கும் உத்தி என்பார் ஸமக்ஷரீ (இறப்பு 1144). அவ்விளக்கம் சுவையானது, ஆயினும் வேறொன்றும் இங்கு உளது. மேன்மை உண்டு என்று கூறிய வசனம், முழுமையான வரிசைப் பட்டியலைத் தரவில்லை. இதே வசனம் தொடர்ந்து பேசுவது, தெளிந்த சான்றுகள் வந்த பின்னரும் அத்தூதர்க்குப் பின்வந்த மக்கள் தம்முள் பொருது மடிந்ததைப் பற்றியாகும். தூதரின் மேன்மையும் தொண்டரின் போரும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வைக்கப்பெற்றிருத்தல், உரைகளில் போதிய அளவு விரித்துரைக்கப்பெறவில்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

தாவூத் நபிக்கு ஸபூர் அருளப்பெற்றதை மேன்மைக்குச் சான்றாகக் காட்டும் வசனமும் (17:55) ஈண்டு எண்ணத்தக்கது. தாவூத் பேரரசராகவும் விளங்கியவர். அவர்தம் அரசை விடுத்து வேதத்தையே அவ்வசனம் மேன்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

மதீனாக் கடைத்தெருவில்

நபிமொழித் தொகுப்புகளில் இப்பொருள் குறித்து வரும் செய்திகளுள் தலையாயது, அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்வாகும். மதீனாவில் யூதர் ஒருவர் பொருள் விற்றுக்கொண்டிருந்தார். கேட்கப்பெற்ற விலை அவர்க்கு உவப்பாக இல்லை. மனித குலத்தில் மூஸாவைத் தேர்ந்தெடுத்தவன் மீது ஆணையிட்டு அவர் மறுத்தார். அதனைச் செவியுற்ற அன்சாரித் தோழர் ஒருவர், நபிகள் நாயகம் நம்மிடையே இருக்கும்போது இவ்வாறு சொல்வதா என வெகுண்டு அவர் முகத்தில் அறைந்தார். அடிபட்டவர் நபிகளாரிடம் நேரே சென்று முறையிட்டார். தமக்குப் பாதுகாப்பு உறுதியும் உடன்படிக்கையும் இருக்க, இவர் தம்மை அறைந்தது எங்ஙனம் என்பதே அவர் வினா.

அந்த முறையீட்டின் தன்மையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மூஸாவே பெரியவர் என்று அவர் வாதிடவில்லை. தமக்குரிய பாதுகாப்பு மீறப்பெற்றது என்றே முறையிட்டார். நபிகளார் முகத்தில் சினம் வெளிப்பட்டது என்கிறது அறிவிப்பு. அல்லாஹ்வின் நபிமாரிடையே மேன்மை தாழ்மை கூறவேண்டா எனத் தடுத்த அவர், மறுமை நாளின் காட்சி ஒன்றையும் எடுத்துரைத்தார். எக்காளம் ஊதப்பெற்று அனைவரும் மயங்கி வீழ்வர். மீண்டும் ஊதப்பெறும்போது தாம் முதலில் எழும்போது மூஸா அரியணையைப் பற்றியவாறு நிற்பார். தூர் மலையில் அவர் மயங்கியது இம்மயக்கத்திற்கு ஈடாகக் கொள்ளப்பெற்றதோ, அன்றித் தமக்கு முன்னரே அவர் எழுப்பப்பெற்றாரோ என்பதைத் தாம் அறியேன் என்றார். மத்தாவின் மகன் யூனுஸைவிட எவரும் சிறந்தவர் எனத் தாம் கூறுவதில்லை என்றும் அதனோடு சேர்த்துரைத்தார்.

இந்நிகழ்வின் கூர்மை எதில் உளது? அறைந்த தோழர் உள்ளத்தில் கொண்டிருந்த கருத்து, பின்னைய கொள்கை நூல்கள் நிறுவும் கருத்தினின்று வேறானது அன்று. மறுமை நாளில் ஆதமின் மக்களுக்குத் தாமே தலைவர் என நபிகளார் கூறியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவுசெய்கிறது. இது தற்பெருமை அன்று என அவர் உடன் கூறியதைத் திர்மிதியின் தொகுப்பு சேர்க்கிறது. கருத்து ஏற்கத்தக்கதாக இருந்தும் செயல் கண்டிக்கப்பெற்றது. உரிமை பெற்ற ஒருவரைத் தாக்கும் கருவியாக நபியின் மேன்மை பயன்படுத்தப்பெற்ற அந்நொடியில், அம்மேன்மைக்கு உரியவரே அதனை மறுத்து அடிபட்டவர் பக்கம் நின்றார்.

இவ்விரு வகை நபிமொழிகளையும் இணைத்துப் பொருள் காணும் முயற்சி தொன்மையானது. முரண்போல் தோன்றும் நபிமொழிகளுக்கு விளக்கம் தர நூல் செய்த இப்னு குதைபா (இறப்பு 889) இதனைப் பணிவின் வெளிப்பாடாகக் கொண்டார். ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை கண்ட நவவீ (இறப்பு 1277) ஐந்து விடைகளைத் தொகுத்தார். தம் நிலையை அறிவதற்கு முன் நபிகளார் இவ்வாறு கூறியிருக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. இவ்விடை ஐயத்திற்குரியது என இப்னு கஸீர் (இறப்பு 1373) குறிப்பிடுவது பொருத்தமே. காலமுறையைக் காட்டாமல் காலத்தால் விடை காணுதல் வலுவற்றது. பணிவு, பண்பாடு என்பது மற்றொன்று. தாழ்த்தப்பெறுபவர்க்கு இழிவு நேரும் வகையில் கூறுதலே விலக்கப்பெற்றது என்பது மூன்றாவது. பூசலுக்கு வழிவகுக்கும் ஒப்பீடே விலக்கப்பெற்றது என்பது நான்காவது. கடைத்தெரு நிகழ்வோடு நேரே பொருந்துவது இதுவே. நுபுவ்வத் என்னும் தூதுத்தன்மையில் ஏற்றத்தாழ்வு இல்லை, பிற சிறப்புகளிலேயே உண்டு என்பது ஐந்தாவது. இவ்வைந்தாம் விடையைக் குர்துபீ (இறப்பு 1273) தம் உரையில் சிறப்பாக ஏற்று விரிக்கிறார். தூதுத்தன்மை ஒரே பண்பு. அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதன்மேல் அருளப்பெற்ற நிலைகளும் அற்புதங்களும் பதவிகளுமே வேறுபடுவன என்பது அவர் துணிபு. இப்னு கஸீரோ, மேன்மை வகுத்தல் இறைவனுக்கே உரியது, அடியார்க்குப் பணிதலும் நம்புதலுமே கடன் என்றும், சொந்தக் கருத்தாலும் குழுப்பற்றாலும் வரிசை வகுத்தலே தடுக்கப்பெற்றது என்றும் வழங்கும் விளக்கங்களை எடுத்துரைக்கிறார்.

ஏன் யூனுஸ்?

நபிமார் பலர் இருக்க, யூனுஸ் நபியின் பெயரை எடுத்தது ஏன் என்னும் வினா உரையாசிரியரை ஆட்கொண்டுள்ளது. அதற்குக் காரணம் உண்டு. தம் மக்கள் ஏற்கவில்லை எனச் சினந்து புறப்பட்டவர் அவர் (21:87). எசமானிடமிருந்து தப்பியோடும் அடிமையின் செயலைக் குறிக்கும் சொல்லால் அவர் கப்பலேறியதைத் திருக்குர்ஆன் சுட்டுகிறது (37:140). பொறுமை இழந்து மீனின் தோழரைப் போல் ஆகிவிட வேண்டா என நபிகள் நாயகத்திற்கே அறிவுறுத்தலும் வருகிறது (68:48). இவ்வசனங்களை ஓதுபவர் உள்ளத்தில் யூனுஸ் நபி குறித்துச் சிறிதளவு தாழ்வெண்ணம் தோன்றுதல் இயல்பு. அதனைத் தடுக்கவே அவர் பெயர் எடுக்கப்பெற்றது என்பார் நவவீ. இப்னு குதைபா வேறு வழியில் செல்கிறார்: இப்ராஹீம், மூஸா, ஈஸா போன்றோரினும் படியில் குறைந்தவராகிய யூனுஸைவிடவே தம்மை உயர்த்தவேண்டா என்றால், அவர்களைவிட உயர்த்துதல் எங்ஙனம் என்பது அவர் கொண்ட பொருள். நுட்பமான விளக்கமே, எனினும் யூனுஸ் படியில் குறைந்தவர் என்னும் முடிவை அது முன்கூட்டியே கொண்டுவிடுகிறது. அதனைத் தடுப்பதே அந்நபிமொழியின் நோக்கமெனின், விளக்கம் மூலத்திற்கு மாறாகிவிடுகிறது. நவவீயின் வழியே இவண் ஏற்புடைத்து.

திருக்குர்ஆனும் யூனுஸைக் குறைவுபட விட்டுவிடவில்லை. இஸ்மாயீல், அல்யஸஉ, யூனுஸ், லூத் ஆகியோரை ஒருசேரக் குறித்து, ஒவ்வொருவரையும் உலகத்தாரினும் மேன்மைப்படுத்தியதாகக் கூறுகிறது (6:86). நூறாயிரம் அல்லது அதனினும் மிகுந்த மக்களுக்கு அவர் அனுப்பப்பெற்றார். அவர்கள் நம்பினர் (37:147-148). ஒறுப்பு நெருங்கிய வேளையில் நம்பிக்கை பயன் தந்த ஒரே ஊர் யூனுஸின் மக்களுடையது (10:98).

இந்நபிமொழியிலிருந்து முற்றிலும் வேறான ஓர் ஆழத்தைக் கண்டவர் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (இறப்பு 1085). குர்துபீ எடுத்துரைக்கும் செய்தியின்படி, இறைவனுக்குத் திசையும் இடமும் இல்லை என்பதற்கு இதனையே அவர் சான்றாகக் காட்டினார். விண்ணேற்றத்தில் எல்லை இலந்தையைக் கடந்து உயர்ந்த நபிகள் நாயகம், கடலின் ஆழத்தில் மீன் வயிற்றில் இருந்த யூனுஸைவிட இறைவனுக்கு இடத்தால் அண்மையில் இருந்தார் அல்லர் என்பது அவர் விளக்கம். மேல் என்பதும் கீழ் என்பதும் படைப்புக்கு உரியன. படிநிலை என்னும் உருவகத்தை ஏணிபோல் கற்பனை செய்துகொண்டு, மேற்படியில் இருப்பவர் இறைவனைத் தொடுவார், கீழ்ப்படியில் இருப்பவர் எட்டமாட்டார் எனக் கருதும் மயக்கத்தை இவ்விளக்கம் அடியோடு அகற்றுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஆலிப்புலவர் பாடிய மிஃராஜ் மாலை முதலாக விண்ணேற்றத்தைப் பாடும் தமிழ் நூல்களைப் பயில்வோர் இதனை உடன் வைத்துப் பயிலுதல் நலம் பயக்கும்.

தனிச்சிறப்பும் பொதுமேன்மையும்

ஒருவர்க்கு ஒரு துறையில் தனிச்சிறப்பு இருப்பதால் அவர் முழுமையாக மேம்பட்டவர் ஆகிவிடார். முழுமையாக மேம்பட்டவர்க்கு எல்லாத் தனிச்சிறப்பும் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. அறிஞர் கையாளும் இவ்விதி மேற்கண்ட முடிச்சுகளை இணைக்கும் கயிறாகும். ஆறு செய்திகளால் தாம் நபிமாரினும் மேன்மை அளிக்கப்பெற்றதாக நபிகளார் கூறியதை முஸ்லிம் பதிவுசெய்கிறார். சுருங்கிய சொல்லில் விரிந்த பொருள், புவி முழுதும் தொழுமிடமாதல், படைப்பினர் அனைவர்க்கும் தூதராதல், தூதர் வரிசையை நிறைவு செய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். அதேவேளையில், மறுமையில் முதலில் ஆடை அணிவிக்கப்பெறுபவர் இப்ராஹீம் எனவும் அவரே கூறினார். படைப்பினருள் மிகச் சிறந்தவரே என ஒருவர் தம்மை அழைத்தபோது, அவர் இப்ராஹீம் என விடையிறுத்ததும் முஸ்லிமில் உளது.

சுலைமான் நபி தொடர்பான செய்தி இதனினும் தெளிவானது. தமக்குப் பின் எவர்க்கும் வாய்க்காத ஆட்சியை அவர் வேண்டினார் (38:35). காற்றும் ஜின்களும் அவர்க்குப் பணிந்தன. நபிகள் நாயகம் ஒருகால் தொழுகையில் இருந்தபோது ஜின் ஒன்று இடையூறு செய்ய முற்பட்டது. அதனைப் பிடித்துப் பள்ளிவாசல் தூணில் கட்டிவைக்க எண்ணிய அவர், சுலைமானின் வேண்டுதல் நினைவுக்கு வரவே விட்டுவிட்டார் என்கிறது புகாரியின் அறிவிப்பு. கட்டும் ஆற்றல் இருந்தது, கட்டவில்லை. மற்றொரு தூதர்க்கு உரிய தனிச்சிறப்பின் எல்லைக்குள் புகாமல் நின்ற இச்செயல், மேன்மை என்பது பிறர் சிறப்பை விழுங்குவது அன்று என்பதற்குச் சொல்லினும் வலிய சான்றாகும். நபிமாரைத் தந்தை ஒருவராகவும் தாயர் வேறாகவும் அமைந்த உடன்பிறந்தாராக உருவகிக்கும் நபிமொழியும் இவ்வொழுங்கையே காட்டுகிறது; அடிப்படைச் சமயம் ஒன்று, சட்டநெறிகள் பல.

ஸலவாத்தும் உவமை இலக்கணமும்

தமிழிலக்கணம் பயில்வோர்க்கு ஆர்வமூட்டும் ஒரு விவாதம் இங்கு எழுகிறது. தொழுகையின் இறுதி இருப்பில் ஓதப்பெறும் ஸலவாத்தில், இப்ராஹீமுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அருளியதுபோல் முகம்மதுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அருள் வேண்டப்பெறுகிறது. உவமானம் உவமேயத்தினும் உயர்ந்திருத்தல் வேண்டுமெனின், இப்ராஹீம் உயர்ந்தவர் என்பது பெறப்படுமன்றோ? அரபு உரையாசிரியர் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உவமை உயர்ந்ததனையே பற்றி வரும் என்னும் நெறியைத் தொல்காப்பியர் உவமவியலில் கூறுதலின், நமக்கும் இவ்வினா புதிதன்று.

உவமை அருளின் வகையைக் குறித்ததேயன்றி அளவைக் குறித்ததன்று என்பர் சிலர். புகாரிக்கு உரை கண்ட இப்னு ஹஜர் (இறப்பு 1449), உவமானம் உயர்ந்தே இருத்தல் வேண்டும் என்னும் விதி எங்கும் செல்லாது எனக் கூறும் விடையையும் சேர்க்கிறார். இறைவனின் ஒளிக்கு விளக்கு மாடம் உவமையாக வந்திருத்தல் (24:35) அதற்குச் சான்று. அறியப்பெற்றதைக் கொண்டு பெரிதை அறிவித்தலே அங்கு உவமையின் பணி. சிறப்பு, நலன், காதல், வலி ஆகியவற்றோடு கிழக்கிடு பொருளையும் உவமைக்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் கொண்டமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) ஏற்கும் விடை, இப்ராஹீமின் குடும்பத்தாருள் நபிகள் நாயகமும் அடங்குவர் என்பதாகும். அங்ஙனமாயின் ஒப்பிடப்பெறுபவரே உவமானத்தின் உள்ளும் நிற்கிறார். விடை எதுவாயினும், நாள்தோறும் பன்முறை ஓதப்பெறும் வேண்டுதலில், தம் நபியின் பெயரோடு மற்றொரு நபியின் பெயரையும் முஸ்லிம்கள் இணைத்தே கூறுகின்றனர்.

காப்பியத் தலைவர்களாக நபிமார்

காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுத்த இலக்கணம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபிகள் நாயகத்தைத் தலைவராகக் கொண்டு விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களாக 5027 பாடல்களில் பாடினார். தலைமுறைப் படலத்தில், ஆதம் தொடங்கி வழிவழியாக வந்த பேரொளியாக நபிகளார் காட்டப்பெறுகிறார். இவ்வமைப்பில் முன்னைய நபிமார் ஒளி தாங்கியோராகச் சிறக்கின்றனர். ஒருவர் உயர்வு மற்றவர் தாழ்வாகவில்லை. எனினும் இவ்வொளி இஸ்மாயீல் வழியாக இறங்குவது. மூஸா, தாவூத், சுலைமான், ஈஸா ஆகியோர் இஸ்ஹாக் வழியினர். இக்குடிவழியில் அவர்கள் இடம்பெறுதற்கு வாய்ப்பில்லை.

அவ்வழியினர்க்கும் தமிழில் காப்பியம் எழுந்தது. வண்ணக்களஞ்சியப் புலவர் சுலைமான் நபியைத் தலைவராகக் கொண்டு இராசநாயகத்தை 1807-இல் அரங்கேற்றினார். சேகனாப்புலவர் இப்ராஹீம் நபியைத் தலைவராகக் கொண்டு திருமணிமாலை பாடினார். நபிகள் நாயகத்தின் மேன்மையில் ஐயமற்ற நம்பிக்கையுடைய புலவர், மற்றொரு நபியை ஒப்பற்ற தலைவராக நிறுத்திப் பாடியது எங்ஙனம்? காப்பிய மரபின் மிகைக்கூற்று என இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. சுலைமானின் ஒப்பின்மை புலவர் கற்பித்ததன்று. தமக்குப் பின் எவர்க்கும் வாய்க்காத ஆட்சி என அவர் வேண்டிப் பெற்றதாகத் திருக்குர்ஆனே உரைப்பது. தண்டியலங்காரம் கேட்ட ஒப்பின்மையும் சமயம் ஏற்ற தனிச்சிறப்பும் அவரிடத்தில் ஒன்றாகப் பொருந்தின. நூலின் பெயரும் அரசர்க்கு நாயகர் என்றே அமைந்தது.